சுங்கம் தவிர்த்த சோழனும், செருப்புக்கு ஆணை பெற்ற தமிழனும்

மன்னர் வரலாறு என்று சொன்னதும் முகம் சுளிக்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள்மீது குற்றமில்லை. பள்ளியிலே பட்டியலாகப் படித்தோம்: இன்னான் மகன் இன்னான், இத்தனை ஆண்டு ஆண்டான், இத்தனை போர் வென்றான், இத்தனை கோயில் எழுப்பினான், மாண்டான்! மேடையிலே முழக்கமாகக் கேட்டோம்: கங்கை கொண்டான், கடாரம் கொண்டான்! பட்டியலுக்கும் முழக்கத்துக்கும் நடுவே மனிதன் எங்கே என்று தேடினால் அகப்படுவதில்லை. அத்தகைய நாம், ஒரு மன்னனின் வரலாற்றை இரண்டே இரவுகளிலே படித்து முடித்தோம். முடித்தபின் மீண்டும் முதல் ஏட்டைத் திருப்பினோம் என்றால், அந்த நூலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லித்தானே ஆகவேண்டும்!

நூலின் பெயர் ‘முதற் குலோத்துங்க சோழன்.’ எழுதியவர் தி. வை. சதாசிவப் பண்டாரத்தார். 1930இல் வெளிவந்த சிறு நூல். தமிழ்நாட்டு வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்றிருந்த காலம் அது. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு ஆங்கிலத்தில் வெளிவரத் தொடங்கியதே 1935இல்தான். அதற்கு முன்னரே, குடந்தையில் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியராக இருந்த ஒருவர், கோயில் சுவர்களைத் தேடி நடந்து, கல்லிலே வெட்டிய எழுத்தைக் கண்ணால் கண்டு, அதைத் தமிழிலே, தமிழனுக்காக எழுதினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ என்னும் பெருநூலை எழுதியவரும் அவரே, 1960இல் மறைந்தார். பெருநூலைப் புகழ்வோர் பலர். சிறுநூலைப் படிப்போர் சிலர். நமக்கென்னவோ சிறுநூலின்மீதுதான் காதல்.

காங்கேயத்திலே கொப்பரை உலர்களங்கள் வெயிலில் மின்னும் பங்குனித் திங்களில், படிப்பகத்துத் தோழர் ஒருவர் அட்டை கிழிந்த அந்தப் படியை நம்மிடம் தந்தார். பக்கத்திலே இருந்த இளைஞர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஏனுங்கண்ணா, ராசா செத்து ஆயிரம் வருசம் ஆகப் போகுது. அந்தக் கதைய இப்பப் படிச்சு என்னங்க பண்ணறது?”

“படிச்சுப் போட்டுச் சொல்றேன் தம்பி” என்றோம். சொல்லவேண்டிய கடன் இருக்கிறது, சொல்லுகிறோம்.

குலோத்துங்கன் யார்? தஞ்சையிலே பிறந்து தஞ்சையிலே வளர்ந்து தந்தைக்குப்பின் தனயனாக அரியணை ஏறியவனல்லன். வேங்கி நாட்டு இராசராச நரேந்திரன் என்னும் சளுக்கிய மன்னனுக்கும், கங்கைகொண்ட இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவிக்கும் பிறந்தவன். தந்தை வழியிலே சளுக்கியன். தாய் வழியிலே சோழன். மணந்ததும் சோழன் மகளையே: இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகி. 1070இல் அதிராசேந்திரன் ஆட்சிக்கு வந்த சிறிது காலத்திலேயே மறைந்தான். நோயால் என்பார் உளர். கலகத்தால் என்பாரும் உளர். எப்படியோ, காலியான அரியணையிலே வேங்கி நாட்டு மருமகன் அமர்ந்தான். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தான்.

குலப்பெருமை பேசுவோரே, கொஞ்சம் நின்று கேளுங்கள்! இரத்தத் தூய்மை பேசுகிறீர்கள், கோத்திரம் பார்க்கிறீர்கள், மகள் வயிற்றுப் பேரன் வேறு குலம் என்கிறீர்கள். சோழப் பேரரசை அதன் தள்ளாடும் நாளிலே தாங்கிப் பிடித்து மேலும் ஒன்றரை நூற்றாண்டு வாழ வழிசெய்தவன் மகள் வயிற்றுப் பேரன்! இரு குலமும் கலந்தது எப்படி என்பதைப் பண்டாரத்தார் பொறுமையோடு விளக்கிக்கொண்டு போகிறார். அந்தப் பக்கங்களைப் படித்தபோது, நம் ஊர்ப் பக்கத்தில் சாதி மாறிய திருமணத்துக்காக வெட்டிக்கொள்ளும் வீரர்கள் நினைவுக்கு வந்தனர். அவர்கள் வீட்டுச் சுவரிலும் சோழன் படம் தொங்கக்கூடும்!

இதே காலத்திலே கடல் கடந்து ஒரு காட்சி. 1066இல் நார்மண்டி நாட்டுப் பிரபு வில்லியம், கால்வாயைக் கடந்து வந்து இங்கிலாந்தின் மணிமுடியைக் கைப்பற்றினான். அவனும் வெளியூரான், ஆளப்பட்ட மக்கள் பேசிய மொழி அவன் மொழியன்று. அவனும் பெண்வழி உறவைக் காட்டியே உரிமை கோரினான்: முன்னிருந்த மன்னனின் தாய் எம்மா, அவனுடைய பாட்டனாரின் உடன்பிறந்தாள். நான்கே ஆண்டு இடைவெளியில் இரண்டு வெளியூரார்கள் இரண்டு அரியணைகளில். வில்லியத்தைப் பற்றி ஆங்கிலத்திலே நூல்கள் அடுக்கடுக்காக உள்ளன. டேவிட் டக்ளஸ் 1964இல் எழுதியது ஒன்று போதும், ஒரு திங்கள் முழுதும் படிக்கலாம். நம் குலோத்துங்கனுக்கு உள்ளங்கையில் அடங்கும் இந்த நூல்!

இதற்கு ஒரு காரணம் உண்டு. அதை எண்ணிப் பார்த்தால்தான் பண்டாரத்தாரின் உழைப்பு புரியும். வில்லியம் 1087இல் இறந்தபோது, அந்நாட்டு மடத்துத் துறவி ஒருவர் அவனுடைய திறமையையும் எழுதினார், பேராசையையும் எழுதினார். மக்களை எப்படிக் கசக்கினான் என்பதையும் அஞ்சாமல் எழுதிவைத்தார். நம் நாட்டிலோ மெய்க்கீர்த்தி! திருமகளும் நிலமகளும் வெற்றிமகளும் அரசனைக் கட்டித் தழுவுகிறார்கள். பகைவர்கள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். குறை சொன்ன குரல் ஒன்றுகூடக் கல்லில் ஏறவில்லை. புகழ்ச்சி மட்டுமே மிஞ்சிய இடத்தில் உண்மையை எங்கிருந்து எடுப்பது? விளக்குக்கு விட்ட ஆடு எத்தனை, நிலத்துக்கு எல்லை எது, வரி எவ்வளவு, யார் கையெழுத்திட்டார் என்று கணக்கு வெட்டிய மூலையிலிருந்து எடுக்கவேண்டும். அதைத்தான் அவர் செய்தார். நம் காங்கேயத்துக்குப் பக்கத்திலே சிவன்மலைக் கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. எவருக்கோ கனவு வரும். கனவிலே கண்ட பொருளைப் பூக்கேட்டு அந்தப் பெட்டியில் வைப்பார்கள். உடனே அதைக்கொண்டு நாட்டு நடப்பை முன்னறிவிக்கப் புறப்பட்டுவிடும் ஒரு கூட்டம். கனவைக் கொண்டு எதிர்காலம் சொல்லுவோர் அங்கே. கல்லைக் கொண்டு கடந்தகாலம் சொல்லும் தமிழாசிரியர் இங்கே! நமக்கு எவர் உறவு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1086 என்னும் ஆண்டை மறவாதீர்கள். அவ்வாண்டிலே வில்லியத்தின் ஆட்கள் இங்கிலாந்தின் ஊர்தோறும் சென்று, நிலம் எவ்வளவு, ஏர் எத்தனை, ஆலை எத்தனை, ஆள் எத்தனை என்று எழுதினார்கள். ஒரு மாடும் ஒரு பன்றியும்கூடத் தப்பவில்லை என்று அக்காலத்தவர் வெட்கத்தோடு குறித்துவைத்தனர். காங்கேயம் மாட்டுச் சந்தைக்கு அப்படியொரு கணக்கர் வந்திருந்தால் என்ன பாடு பட்டிருப்பார் என்று எண்ணிச் சிரித்தோம்! அதே 1086இல், இந்தச் செய்தி எதுவும் அறியாத குலோத்துங்கனும், தன் பதினாறாம் ஆட்சியாண்டில் சோழநாட்டு நிலத்தை அளந்தான். இராசராசன் 1001இல் அளந்தது முதலளவை, இது அடுத்தது. அரசனின் அடியையே அளவாகக் கொண்ட ‘ஸ்ரீபாதக் கோல்’ பிடித்து அளந்தார்கள். நாற்பதாம் ஆண்டில், 1110இல், மீண்டும் அளந்தார்கள்.

இரண்டு அரசர்களுக்கும் நோக்கம் ஒன்றே: வரி! அதை மறைப்பானேன்? ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஏடு முழுமையாக நின்றுவிட்டது. அதைப் புரட்டினால் எழுதப்பட்ட ஆட்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அடிமை என்னும் கொடுமை எண்ணிக்கையாகவே தெரிகிறது. சோழன் அளந்த ஏடு ஓலையிலே போயிற்று. கல்லிலே சிதறிய துண்டுகள் மட்டுமே மிஞ்சின. நம் பாட்டன்மாரில் பத்தில் எத்தனை பேர் அடிமை என்று எண்ணிச் சொல்ல நமக்கு ஏடில்லை. ஆள் விற்ற கல்வெட்டுகள் இருக்கின்றன. கூட்டித் தொகை சொல்லத்தான் வழியில்லை.

இனிச் சுங்கத்துக்கு வருவோம். கலத்திலும் வண்டியிலும் வரும் சரக்குக்கு வாங்கும் வரியே சுங்கம். அதை நீக்கினான் குலோத்துங்கன். ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றான். கடல் வென்றதால் வந்த பட்டமன்று. ஊர் எரித்ததால் வந்த பட்டமன்று. வரியை விட்டதால் வந்த பட்டம்! கோவையிலே சுங்கம் என்றே ஓர் இடம் இருக்கிறது. நாள்தோறும் பேருந்து நிற்கிறது. சுங்கம் வாங்கிய இடத்தின் பெயரை நாம் மறக்கவில்லை. அதை நீக்கியவன் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

கொங்கு நாட்டுக்காரனுக்கு இச்செய்தி இனிப்பதில் வியப்பில்லை. நம் நிலம் வழிகளின் நிலம். மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் கடந்து, பேரூரைத் தொட்டு, நொய்யல் கரையோடு கொடுமணல் வழியாகக் கருவூர் நோக்கிச் சரக்குப் போன பெருவழி நம் வாசலிலே போயிற்று. சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்திலே ‘இராசகேசரிப் பெருவழி’ என்று பாறையிலே வெட்டிய எழுத்து இன்றும் நிற்கிறது. பொதிமாடு ஓட்டியவன் ஒவ்வொரு சாவடியிலும் மடியை அவிழ்த்த வழி அது. வரியைப் பற்றி நம் ஊர்க்காரனுக்கு நினைவும் அதிகம். சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடுவே மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்தான் தீரன் சின்னமலை என்று வழங்கும் கதையை, 1805இல் சங்ககிரியில் வெள்ளையன் அவனைத் தூக்கிலிட்ட பின்னும், தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொண்டுதானே வந்தார்!

சுங்கத்தை நீக்கினால் கருவூலம் காய்ந்துவிடாதோ என்று கேட்பீர்கள். 1077இல் சோழ நாட்டுத் தூதர் குழு ஒன்று சீனம் சென்றது. 72 பேர் என்று சீனர்கள் எண்ணி எழுதினார்கள். கடாரத்து அரசன் வேண்ட, நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்குக் குலோத்துங்கன் வழங்கிய சலுகை, 1090ஐ ஒட்டிச் செப்பேட்டில் ஏறியது. அந்தச் செப்பேடு ஆலந்து நாட்டு லெய்டன் வரை பயணம் போயிற்று. வணிகத்தைத் தடுக்காமல் விட்டவன் வணிகத்தால் கெடவில்லை. சைவ மன்னன் புத்த விகாரத்துக்கு உதவினான் என்றால் உடனே அவனைப் பகுத்தறிவாளன் ஆக்கிவிடாதீர்கள். கப்பல் வந்துபோகும் துறையிலே மதம் பார்த்தால் சரக்கு வராது என்பதை அறிந்த ஆட்சியாளன், அவ்வளவே.

போர்களைப் பற்றி விரிக்க நாம் விரும்பவில்லை. கலிங்கப்போரை விரிக்கப் பரணி இருக்கிறது. கருணாகரத் தொண்டைமான் படை நடத்தினான், அரசன் காஞ்சியிலே இருந்தான், கலிங்கம் எரிந்தது, பிணக்குவியலிலே பேய்கள் கூழ் சமைத்து உண்டதாகச் செயங்கொண்டார் பாடினார். கவிச்சுவையை மறுப்பாரில்லை. அந்தக் கூழிலே வெந்தது எவர் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவும் ஆள் வேண்டும். ஆட்சியின் கடைசியிலே போசளன் தலைக்காட்டைக் கொண்டான். வேங்கியும் கைவிட்டுப் போயிற்று. ஈழமோ முதலிலேயே போய்விட்டது. முதியவனான மன்னன் சோழ நாட்டோடு நின்றான். இந்தச் சரிவை நூலாசிரியர் மூடி மறைக்கவில்லை. ஆயினும் விரைந்து கடந்துவிடுகிறார். அன்புள்ளவர் அல்லவா!

அந்த அன்பிலேதான் நமக்கு அவரோடு சிறு பிணக்கு. அரசனின் குணம் பேச வரும்போது அவர் நா தழுதழுக்கிறது. நமக்கோ வேறொரு கேள்வி உறுத்துகிறது. குலோத்துங்கனின் இரண்டாம் ஆட்சியாண்டிலேயே இராசமகேந்திரச் சதுர்வேதிமங்கலத்தில் வலங்கை, இடங்கைப் பூசல் வெடித்து ஊரே எரிந்தது. 1118இல், அவனுடைய ஆட்சியின் அந்தியிலே, இராசாசிரயச் சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்கள் கூடி, சாத்திரங்களைப் புரட்டி, இரதகாரராகிய கம்மியர் என்னென்ன தொழில் செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள், அதுவும் கல்வெட்டாயிற்று. உளி பிடிப்பவனுக்கு உளி பிடிக்காதவன் தொழில் வகுத்தான்! சரக்கு சுங்கமின்றிச் சாவடியைக் கடந்தது. மனிதனோ பிறந்த தெருவைக் கடக்கச் சாத்திரத்தின் அனுமதிக்குக் காத்திருந்தான்.

அதைவிட நம்மைக் குத்திய கல் ஒன்று நம் கொங்கிலேயே இருக்கிறது. காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் வழியாகக் கிழக்கே போனால் கரூர். அங்கே பசுபதீசுவரர் கோயிலில், கோனேரின்மைகொண்டான் என்னும் பொதுப்பெயரால் ஓர் அரசாணை. இன்ன மன்னன் என்று இயற்பெயர் கூறவில்லை. வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு அரசன் உரிமை வழங்குகிறான். என்ன உரிமை? நாடா, நகரமா? தங்கள் வீட்டு நன்மைக்கும் தீமைக்கும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வீட்டைவிட்டு வெளியே போகும்போது காலில் செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். பதினைந்தாம் ஆண்டு ஆடித் திங்கள் முதல் இது நடைமுறை!

வானளாவும் விமானத்தைச் செதுக்கியவன் தன் வீட்டுச் சுவருக்குச் சுண்ணச்சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது! பொன்னால் அணி செய்து அரசன் கழுத்தில் பூட்டியவன், தன் காலில் தோல் பூட்ட ஆணை வேண்டியிருந்தது! ஆடி முதல் அணியலாம் என்றால், ஆனி வரை என்ன நிலை? இதை அருளாணை என்று போற்றுவோர் போற்றட்டும். கையெழுத்து எவ்வளவு அழகாயினும், அந்தக் கல் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம். சங்கும் செருப்பும் கேட்டு வாங்கும் அளவுக்குக் கம்மாளருக்குக் கைத்தொழில் வலிமை இருந்தது, வாங்கினார்கள். அந்த வலிமையும் இல்லாமல், ‘பறைச்சேரி’ என்று மட்டும் சோழர் கல்வெட்டிலே எல்லைக் குறிப்பாய் நின்றுபோன மக்களுக்கு எந்த ஆடித் திங்கள் விடிந்தது?

இவ்வளவையும் படிப்பகத்திலே சொன்னோம். கேள்வி கேட்ட இளைஞர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “எங்க அப்பாரு, பெரிய வீதிக்குள்ள போகும்போது செருப்பக் கழட்டிக் கக்கத்துல இடுக்கிட்டுத்தான் போவாருங்கண்ணா. வீதி தாண்டினதும் போட்டுக்குவாரு. நானே சின்னப் பையனா இருக்கறப்பப் பார்த்திருக்கறனுங்க.”

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. ஆயிரம் ஆண்டுக் கதையை இப்போது படித்து என்ன செய்வது என்று கேட்ட அதே இளைஞர்தாம்! கரூர்க் கல்லிலிருந்து அவருடைய அப்பாரின் கக்கம் வரை நூற்றாண்டுகளை எண்ணினோம். அந்த நூற்றாண்டுகளை மன்னர் பெயர்களால் நிரப்பிப் பெருமை பேசும் உரிமை நம் எவருக்கும் இல்லையென்று பட்டது. அதே நேரத்தில் இன்னொன்றும் பட்டது. கல்லைப் படித்தவர் இருந்ததால்தானே நாம் குற்றப்பத்திரிகை எழுத முடிந்தது? மன்னர்களே வேண்டா என்று ஏட்டை மூடியிருந்தால், செருப்புக்கு ஆணை வேண்டியிருந்த செய்தியும் அந்த ஏட்டோடு மூடப்பட்டிருக்கும். முழக்கமிடுவோரும் முகம் சுளிப்போரும் சேர்ந்து இந்தக் கல்லை மறைத்திருப்பார்கள்.

நூலின் நடையைப் பற்றி ஒரு வார்த்தை. பழந்தமிழ் மணம் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். ‘ஈண்டு’, ‘என்க’ என்று வரும். இளைஞர்கள் மிரளவேண்டா. பத்துப் பக்கம் கடந்தால் பழகிவிடும். அடிக்குறிப்புகளைத் தாண்டிச் செல்லாதீர்கள். கதையைவிடச் சுவையானவை பல அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. ஒரு சொல்லுக்குச் சான்று தேடி மனிதர் எந்தெந்த ஊருக்கு நடந்திருக்கிறார் என்று பார்த்தாலே களைப்பு நமக்கு வந்துவிடும்! வேந்தனை வானத்திலிருந்து இறக்கி, ஓர் ஊரிலே நிலம் அளப்பவனாக, ஓலையிலே கையெழுத்து வாங்குபவனாக, மாமன் வீட்டுச் சொத்துக்குப் போராடும் மருமகனாகக் காட்டுவதிலே அந்நூலுக்கு இருக்கும் திறமை, தடித்த புத்தகங்கள் பலவற்றுக்கு இல்லை.

படி இப்போது நம்மிடம் இல்லை. அந்த இளைஞர் எடுத்துச் சென்றார். அவரிடமிருந்து லாரி ஓட்டும் தோழர் ஒருவருக்குப் போனது. அவர் கோவைக்கும் கரூருக்கும் நடுவே எத்தனை சாவடியில் நிறுத்திப் படித்தாரோ, அறியோம். திரும்பி வந்தபோது சுங்கம் தவிர்த்த பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தது: “செட்டியாருக்கு மிச்சம் ஆச்சு, சரி, மாடு ஓட்டினவனுக்குக் கூலி ஏறிச்சா?” அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், “கல்வெட்டு இருந்தால் சொல்லுங்கள்” என்று எழுதி, இன்னொரு தோழர் படியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.